ஐப்பசி மழையும் பச்சைப் புத்தகமும்

அக்டோபர் 21, குன்னூர்
அலமாரியைத் திறந்ததும் அந்த வாடை. கீழ்த்தட்டில் நான்கு தோல் பைண்டிங்குகளின் முதுகில் வெள்ளைப் பூசணம், மாவு தூவினாற்போல். காய்ந்த மல் துணியால் துடைத்தேன். வெயில் வந்தாலும் வைக்க முடியாது, தோல் வெடித்துவிடும். உள்ளே 40 வாட் பல்பு எரிகிறது. 9வது இரவு.

அக்டோபர் 22
பார்சல் கோவை வரைக்கும் வந்துவிட்டது.

அக்டோபர் 23
தூக்கமில்லை. லண்டன் மீது ஜெர்மானியர் குண்டு பொழிந்த 1940 டிசம்பர் 29 பற்றிய பக்கங்களை மறுபடி படித்தேன். ஞாயிற்றுக்கிழமை இரவு. தேம்ஸில் தண்ணீர் வடிந்து கிடந்த நேரம், தீயணைப்பவர்களின் குழாய்களுக்குத் தண்ணீர் எட்டவில்லை. செயின்ட் பால் பேராலயத்தை ஒட்டிய பேட்டர்நாஸ்டர் ரோ முழுக்கப் பதிப்பாளர்களின் தெரு. 50 லட்சம் புத்தகங்கள் எரிந்ததாகச் சொல்கிறார்கள். அத்தனையும் எரிய, பக்கத்தில் கோயில் மட்டும் நின்றது. குவிமாடத்தில் செருகிக்கொண்ட தீக்குண்டு ஒன்று தானாக வெளிப்பக்கம் விழுந்ததாம். காவல் நின்றவர்கள் அணைத்துவிட்டார்கள்.

தானாக வெளியே விழ வேண்டும். வேறெதுவும் வேண்டாம்.

அக்டோபர் 24
அக்கா போனில், "புத்தகம் வந்துச்சாடா?" என்றாள். சாப்பிட்டாயா என்று கேட்டேன். அதற்குப் பதில் இல்லை. என் முதல் லண்டன் புத்தகம் அவள் ஊட்டியில், ஒரு தோட்டத்துரை வீட்டுச் சாமான் ஏலத்தில் எடுத்துத் தந்தது. அப்போது அவளுக்குச் சம்பளமே கொஞ்சம்தான்.

அக்டோபர் 25
பர்லியாறு பக்கம் மண் சரிவு. ரோடு அடைப்பு. அக்காவின் மெடிக்கல் ரிப்போர்ட்டும் வரவில்லை.

அக்டோபர் 26
கோத்தகிரி வழியாகப் பார்சல் வந்தது! 1942 அச்சு. காகிதப் பஞ்சத்தில் போட்டது. மெல்லிய தாள், பொடி எழுத்து, ஓரமே இல்லை. உள்ளே சிங்கமும் புத்தகமும் சேர்ந்த அந்தப் போர்க்காலச் சிக்கன முத்திரை. அந்த ஏழைத் தாளுக்குப் பிற்பாடு யாரோ கரும்பச்சைத் தோல் போட்டு, முதுகில் தங்க எழுத்து பதித்து, உள்ளட்டைக்கு மயிலிறகு போல மார்பிள் தாள் ஒட்டியிருக்கிறார்கள். விரலால் தடவிக்கொண்டே இருந்தேன். இப்படித்தான் காப்பாற்ற வேண்டும் ஒன்றை.

அக்டோபர் 27
15வது இரவு. லண்டனில் 1940 செப்டம்பர் 7 முதல் கிட்டத்தட்ட விடாமல் 57 இரவுகள் குண்டுவீச்சு. தாங்கினார்களே.

அக்டோபர் 28
டாக்டர் வரச் சொல்லிவிட்டார். நாளை முதல் பஸ். பச்சைப் புத்தகத்தைப் பழைய வேட்டியில் சுற்றிப் பைக்குள் வைத்திருக்கிறேன், அக்கா தொட்டுப் பார்க்கட்டும். அலமாரி பல்பை அணைக்கவில்லை. மழை