பத்து வருஷம் ஆனால் மாற்றியே ஆகணுமா? மார்பக இம்ப்ளான்ட் மாற்று அறுவை, கட்டம் கட்டமாக

"வெச்சு பத்து வருஷம் ஆயிடுச்சு டாக்டர், மாத்திடணுமா?" மாற்று அறுவை பற்றிக் கேட்க வருகிறவர்களிடம் பெரும்பாலும் இதுதான் முதல் கேள்வி. வலி இல்லை, வடிவம் மாறவில்லை, ஸ்கேனும் சுத்தம் என்றால் தேதி வந்துவிட்டது என்பதற்காக மட்டும் கத்தி வைக்க வேண்டாம். அதற்காக ஆயுசுக்கும் வரும் பொருள் என்றும் நினைத்துவிடக் கூடாது. வருஷம் ஏற ஏற, கிழிசலும் இறுக்கமும் வரும் வாய்ப்பு ஏறிக்கொண்டே போகும். பத்தாவது வருஷத்துக்காகக் காத்திருக்காமல் ஸ்கேனைத் தவறவிடாமல் எடுப்பதுதான் முக்கியம்.

உப்புநீர் நிரப்பிய இம்ப்ளான்ட் ஓட்டை விழுந்தால் சில நாட்களிலேயே ஒரு பக்கம் சுருங்கிவிடும். கசிந்த நீரை உடம்பு உறிஞ்சிக்கொள்ளும். சிலிகோன் ஜெல் அப்படிக் காட்டிக்கொடுக்காது. ஜெல் கெட்டியானது. அதைச் சுற்றி உடம்பே கட்டியிருக்கும் தழும்புத் திசுவான கேப்ஸ்யூல், கிழிந்த பிறகும் ஜெல்லைப் பிடித்து வைத்திருக்கும். கண்ணுக்கும் தெரியாது, கைக்கும் தெரியாது. அதனால்தான் மருந்துகளையும் மருத்துவக் கருவிகளையும் கட்டுப்படுத்தும் அமெரிக்க அரசு அமைப்பான எஃப்.டி.ஏ. 2020இல் ஒரு கணக்குச் சொன்னது: சிலிகோன் வைத்தவர்கள் தொந்தரவே இல்லாவிட்டாலும் 5 அல்லது 6 வருஷத்தில் முதல் அல்ட்ராசவுண்டோ எம்.ஆர்.ஐ.யோ எடுக்க வேண்டும், பிறகு 2-3 வருஷத்துக்கு ஒரு முறை.

எம்.ஆர்.ஐ. சீட்டில் வெறுமனே "மார்பகம்" என்று எழுதி வாங்காதீர்கள். "இம்ப்ளான்ட் கிழிந்திருக்கிறதா என்று பார்க்க" என்று இருக்க வேண்டும். சிலிகோனைத் தனியே பிரித்துக் காட்டும் படங்களை அப்போதுதான் எடுப்பார்கள். கிழிசலைப் பார்க்க மட்டும் என்றால் நரம்பில் மருந்து ஏற்ற வேண்டியதில்லை. புற்றுநோய்ச் சந்தேகம் இருந்தால்தான் அது தேவை. கவிழ்ந்து படுத்து, சுமார் அரை மணி நேரம் அசையாமல் இருக்க வேண்டும். கிழிந்த ஓடு, அதாவது இம்ப்ளான்ட்டின் வெளி உறை, ஜெல்லுக்குள் மடிந்து மிதப்பது, படத்தில் வெந்த சேமியா மாதிரி நெளி நெளியாகத் தெரியும். நல்ல இம்ப்ளான்ட்டிலும் ஓட்டில் மடிப்பு விழுவதுண்டு. அதையே கிழிசல் என்று படித்துவிடுகிற தவறும் நடக்கிறது. ரிப்போர்ட்டில் சந்தேகமாக எழுதியிருந்தால் இன்னொரு ரேடியாலஜிஸ்ட்டிடம் படத்தைக் காட்டிய பிறகே அறுவைக்கு நாள் குறியுங்கள்.

மாற்றுவதற்கு இன்னொரு பெரிய காரணம் கேப்ஸ்யூல் இறுகுவது. இதை பேக்கர் அளவுகோலில் நான்கு படியாகச் சொல்வார்கள். முதல் படியில் மார்பு இயல்பாக, மெத்தென்று இருக்கும். இரண்டில் தொட்டால் கொஞ்சம் கெட்டி, பார்க்க வித்தியாசமில்லை. மூன்றில் வடிவமே மாறும். நான்கில் வலியும் சேரும். மூன்றும் நான்கும்தான் பொதுவாக அறுவைக்கு வரும். புற்றுநோய் அறுவைக்குப் பிறகு கதிர்வீச்சும் வாங்கிய மார்பில் இந்த இறுக்கம் அதிகம் வரும். அங்கே மறுபடி இம்ப்ளான்ட்டே வைப்பதா, வயிற்றுத் திசுவையோ முதுகுத் திசுவையோ கொண்டு மார்பு அமைப்பதா என்று கட்டாயம் பேசியாக வேண்டும்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்லிவிடுகிறோம். வைத்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆன பிறகு ஒரு மார்பு திடீரென்று நீர் கோத்து வீங்கினால், அந்த நீரைப் பரிசோதிக்காமல் இம்ப்ளான்ட்டை மாற்றக் கூடாது. சொரசொரப்பான மேல்பரப்பு கொண்டவற்றைச் சுற்றி, அரிதாக, ஏ.எல்.சி.எல். என்ற நிணநீர்ப் புற்றுநோய் வருகிறது. எடுத்த நீர் முழுவதும் செல்களைப் பார்க்கும் சைட்டாலஜிக்கும், இந்தப் புற்றுநோய் செல்லின் அடையாளப் புரதத்தைத் தேடும் சி.டி.30 சோதனைக்கும் போக வேண்டும். நீரை இறைத்துக் கொட்டிவிட்டு புது இம்ப்ளான்ட் வைத்தால் நோய் உள்ளேயே தங்கிவிடும். அலர்கன் நிறுவனம் 2019 ஜூலையில் பயோசெல் என்ற சொரசொரப்பு ரகத்தை உலகம் முழுக்கத் திரும்பப் பெற்றது இதனால்தான். அப்போதும், தொந்தரவு இல்லாதவர்கள் பயந்து எடுத்துவிட வேண்டாம் என்றே எஃப்.டி.ஏ. சொன்னது.

உங்களுடையது எந்த ரகம் என்பது, வைத்தபோது கொடுத்த இம்ப்ளான்ட் அட்டையில் ஒட்டிய ஸ்டிக்கரில் இருக்கிறது. தயாரிப்பாளர், மேல்பரப்பு, சிசி அளவு, சீரியல் எண், இடது வலது என எல்லாம் அந்தச் சின்ன ஸ்டிக்கரில் அடங்கும். பிரான்ஸின் பிஐபி நிறுவனம் மருத்துவத் தரமில்லாத சிலிகோனை நிரப்பியது 2010இல் வெளிவந்தபோது, தங்களுக்குள் இருப்பது அதுதானா என்று பெண்கள் தேடியதும் இந்த அட்டையைத்தான். தொலைந்திருந்தால் பழைய மருத்துவமனையில் ஆபரேஷன் நோட்ஸ் நகல் கேளுங்கள். அதுவும் கிடைக்கவில்லையா? அளவையாவது கண்டுபிடிக்கலாம்: வெளியே எடுத்த ஜெல் இம்ப்ளான்ட்டை எடை போட்டால் கிராமும் சிசியும் ஏறக்குறைய ஒன்றாகவே வரும்.

அறுவை முழு மயக்கத்தில் நடக்கும். பெரும்பாலும் பழைய தழும்பையே திறப்பார்கள். கிழியாத இம்ப்ளான்ட் வழுக்கிக்கொண்டு முழுசாக வந்துவிடும். கிழிந்தது என்றால் ஜெல் பிசின் போல கையுறையிலும் கருவியிலும் ஒட்டும். துடைத்துத் துடைத்துத்தான் எடுக்க வேண்டும், நேரமும் கூடும். "கேப்ஸ்யூலையும் சேர்த்து ஒரே பொட்டலமா எடுத்துடுங்க" என்று இப்போது நிறையப் பேர் கேட்கிறார்கள். ஏ.எல்.சி.எல். இருந்தால் அது கட்டாயம். மற்றபடி, மெல்லிய கேப்ஸ்யூல் விலா எலும்பில் ஒட்டியிருக்கும்போது வம்பாக உரித்தால் நுரையீரல் உறையில் ஓட்டை விழலாம். எவ்வளவு எடுப்பது என்பதை உள்ளே பார்த்து முடிவு செய்ய சர்ஜனுக்கு இடம் கொடுங்கள். கேப்ஸ்யூலை எடுத்தால் குழி பெரிதாகிவிடும், பழைய அளவு பொருந்தாமல் போகலாம். அதனால் பக்கத்து அளவுகளும் தியேட்டரில் தயாராக இருக்கிறதா என்று முன்கூட்டியே கேளுங்கள்.

இன்னொன்றும் முன்னாலேயே சொல்லி வைக்க வேண்டியது: எடுத்த இம்ப்ளான்ட்டைக் குப்பைக்கு அனுப்ப வேண்டாம் என்று. கிழிசலுக்கு வாரண்டி கேட்டால் நிறுவனம் அதைத் திருப்பிக் கேட்பது வழக்கம். வாரண்டியில் புது இம்ப்ளான்ட் வந்தாலும் ஆஸ்பத்திரிச் செலவு பெரும்பாலும் உங்கள் கையிலிருந்துதான். இந்திய மருத்துவக் காப்பீடும் அழகுக்காகச் செய்ததை ஏற்காது. புற்றுநோய், தீக்காயம், விபத்துக்குப் பிறகான சீரமைப்பு என்றால்தான் ஏற்கும். அதனால் முதல் அறுவை எதற்காக நடந்தது என்ற டிஸ்சார்ஜ் சம்மரியைப் பத்திரமாக வையுங்கள்.

உள்ளே சேரும் நீரைக் குடுவைக்கு இழுக்கும் டிரெய்ன் குழாயோடு வீட்டுக்கு அனுப்பினால், 24 மணி நேரத்துக்கு ஒரு முறை அந்த நீரை அளந்து, இடது வலது தனித்தனியாக எழுதுங்கள். கொட்டியபின் குடுவையைக் கசக்கிப் பிடித்துக்கொண்டே மூட வேண்டும். இல்லாவிட்டால் அது உறிஞ்சாது. ஒரு நாளைக்கு 30 மில்லிக்குக் கீழே இறங்கிய பிறகுதான் பொதுவாகக் குழாயை எடுப்பார்கள். முதல் நாளிலேயே ஒரு பக்கம் மட்டும் விறைத்து வீங்கி வலித்தால் உள்ளே ரத்தம் கட்டுகிறது. விடியட்டும் என்று காத்திருக்காமல் உடனே கிளம்புங்கள். காய்ச்சல், சிவப்பு, சீழ் என்றால் தொற்று. மருந்தில் அடங்காவிட்டால் புது இம்ப்ளான்ட்டையும் எடுத்துவிட்டு, சில மாதம் ஆறவிட்டுத்தான் மறுபடி வைக்க முடியும். ஆறு வாரத்துக்குத் தண்ணீர்க் குடம், கேஸ் சிலிண்டர், குழந்தை எதையும் தூக்க வேண்டாம். கம்பி வைத்த பிராவும் வேண்டாம்.

டிஸ்சார்ஜ் அன்றே புது ஸ்டிக்கரைக் கேட்டு வாங்கி, இரண்டு பக்கத்துக்கும் போட்டோ எடுத்து, அடுத்த ஸ்கேன் வருஷத்தையும் அதிலேயே எழுதி வையுங்கள்.