புது நாட்டில் புது வீடு: பூட்டு முதல் தூதரகப் பதிவு வரை

வெளிநாட்டில் வாடகைக்கு எடுத்த வீட்டின் சாவி கைக்கு வந்ததும் கேட்க வேண்டிய முதல் கேள்வி: இதே சாவி இன்னும் யார் யாரிடம் இருக்கிறது? முன்பு குடியிருந்தவர், அவரிடம் வேலை பார்த்தவர், வீடு காட்டிய தரகர், கட்டடப் பராமரிப்பு ஆள் என்று பட்டியல் நீளும். பழகிய ஊரில் நாலு பேரிடம் விசாரித்துத் தெரிந்துகொள்ளலாம். வந்து இறங்கிய நாட்டில் அதற்கு வழியில்லை. அதனால்தான் புதிதாக வரும் குடும்பங்களைக் குடியமர்த்தும்போது நாங்கள் பூட்டிலிருந்து தொடங்குகிறோம். கேமராவும் அலாரமும் பிறகுதான். இன்னொன்றையும் கூடவே பார்க்கிறோம். வெளியாள் உள்ளே வராமல் தடுக்கும் எந்த ஏற்பாடும், தீப்பிடித்தால் உள்ளே இருப்பவர் வெளியே ஓடுவதைத் தடுக்கக் கூடாது.

ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன்பே பாதி வேலை முடிந்திருக்க வேண்டும். வீட்டைப் பகலில் ஒரு தடவையும் இருட்டிய பிறகு ஒரு தடவையும் பாருங்கள். தெரு விளக்கு எரிகிறதா, கட்டட வாசல் கதவு தானாக மூடிக்கொள்கிறதா, காரை நிறுத்திவிட்டு நடந்து வரும் வழியில் ஆள் மறைந்து நிற்க இடம் இருக்கிறதா என்பதெல்லாம் இரவில்தான் தெரியும். தரைத்தளத்துக்குள் நுழைவது எளிது. மிக உயரமான மாடிக்குத் தீயணைப்பு ஏணி எட்டாது. இந்தத் துறையில் வழக்கமாகச் சொல்வது, தரைத்தளத்தைத் தவிர்த்துவிட்டு ஏழாம் மாடிக்குக் கீழே இருக்கட்டும் என்பது. அவசரப் படிக்கட்டைப் பற்றிக் கேட்டால் போதாது, இறங்கியே பாருங்கள். கீழ்க்கதவு சங்கிலி போட்டுப் பூட்டியிருந்தால் அந்தக் கட்டடம் வேண்டாம் என்றுதான் சொல்வோம், வாடகை எவ்வளவு குறைவாக இருந்தாலும்.

ஒப்பந்தத்தில் இரண்டு வரி எழுதி வாங்குங்கள். பூட்டின் சிலிண்டரை, அதாவது சாவி நுழையும் உருளையை, மாற்றிக்கொள்ளலாம், காலி செய்யும்போது பழையதைத் திரும்பப் பொருத்திவிட வேண்டும் என்பது ஒன்று. முன்கூட்டிச் சொல்லாமல் வீட்டுக்காரரோ அவருடைய ஆட்களோ உள்ளே வரக்கூடாது என்பது மற்றொன்று. சிலிண்டர் மாற்ற மறுப்பவர்கள் அதிகம் இல்லை. திருகாணி அடிக்கவும் சுவரில் துளை போடவும்தான் தயங்குவார்கள். எனவே துளை தேவைப்படும் வேலைகளை மொத்தமாக எழுதி ஒரே தடவையில் அனுமதி கேட்பது நல்லது.

ஐரோப்பாவிலும் வேறு பல நாடுகளிலும் கதவில் பெரும்பாலும் இருப்பது யூரோ சிலிண்டர் என்ற வகை. அதை மாற்ற ஆள் கூப்பிட வேண்டியதில்லை. கதவைத் திறந்து வைத்துக்கொண்டு அதன் பக்கவிளிம்பைப் பாருங்கள். சாவித்துளையின் மட்டத்தில் ஒரு நீளமான எம்5 (5 மில்லிமீட்டர் தடிமன்) திருகாணி இருக்கும். அதைக் கழற்றுங்கள். சாவியைப் போட்டுச் சுமார் 10 முதல் 15 டிகிரி திருப்பினால், சிலிண்டரின் நடுவில் நீட்டிக்கொண்டிருக்கும் நாக்கு உடம்போடு சமமாகும். அப்போது சாவியோடு சேர்த்து இழுத்தால் முழுதாக வெளியே வந்துவிடும். வரவில்லை என்றால் நாக்கு இன்னும் சமமாகவில்லை என்று அர்த்தம். தட்ட வேண்டாம், சாவியை முன்னும் பின்னும் மெதுவாக அசைத்துப் பாருங்கள். திருகாணித் துளையின் மையத்திலிருந்து இரண்டு முனைகளுக்கும் தனித்தனியாக அளந்து, வெளிப்பக்கம் 35, உட்பக்கம் 45 மில்லிமீட்டர் என்பதுபோலக் குறித்துக்கொண்டு கடைக்குப் போங்கள். மொத்த நீளத்தை மட்டும் சொல்லி வாங்கினால் பெரும்பாலும் பொருந்தாது.

இந்தச் சிலிண்டருக்கு ஒரு பலவீனம் உண்டு. திருகாணித் துளை இருக்கும் நடுப்பகுதிதான் அதன் மிக மெல்லிய இடம். வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் முனையை இடுக்கியால் பிடித்து வளைத்தால் அந்த இடத்தில் ஒடிந்துவிடும். ஆகவே கதவின் கைப்பிடித் தகட்டைத் தாண்டி வெளியே 3 மில்லிமீட்டருக்கு மேல் நீட்டக்கூடாது. வாங்கும்போது ஒடிப்பைத் தாங்கும் வகையைக் கேளுங்கள். பிரிட்டனில் டிஎஸ் 007 தரத்தின் மூன்று நட்சத்திரச் சிலிண்டர் அப்படிப்பட்டது. உள்ளே ஒரு சாவி மாட்டியிருந்தாலும் வெளியிலிருந்து இன்னொரு சாவியால் திறக்கக்கூடியதாகவும் இருக்கட்டும். சாதாரணச் சிலிண்டரில் உட்புறம் சாவி தொங்கிக்கொண்டிருந்தால் வெளிச்சாவி வேலை செய்யாது. குழந்தை உள்ளே மாட்டிக்கொண்டு பெற்றோர் வெளியே நிற்பதற்கு இதுவே பெரிய காரணம்.

உட்புறத்தில் சாவிக்குப் பதிலாகக் கையால் திருப்பும் குமிழ் இருந்தால் நெருப்பில் சாவி தேட வேண்டாம். ஆனால் கதவில் கண்ணாடி இருந்தால், அதை உடைத்துக் கையை விட்டு அதே குமிழைத் திருப்பலாம். அப்படிப்பட்ட கதவுக்குச் சாவி வகைதான் சரி. சாவியைக் கண்ணாடியிலிருந்து கை எட்டாத தூரத்தில் ஆணியில் மாட்டி, அந்த இடம் வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும். புதியதைப் பொருத்திய பிறகு, கதவு திறந்திருக்கும்போதே எல்லாச் சாவிகளையும் இருபுறமும் பலமுறை பூட்டித் திறந்து பாருங்கள். இறுகிச் சுற்றினால் திருகாணியை அளவுக்கு மீறி முடுக்கியிருப்பீர்கள். கால் சுற்றுத் தளர்த்தினால் சரியாகும். எண்ணெய் விடாதீர்கள், தூசி ஒட்டிக்கொள்ளும். கிராஃபைட் தூள் போதும்.

அடுக்குமாடிக் கதவுகள் பலவற்றில் வெளிப்புறம் திருப்ப முடியாத குமிழ்தான் இருக்கும். கதவைச் சாத்தினாலே அதன் கொக்கி மாட்டிக்கொள்ளும். அதைப் பூட்டியதாக நினைத்துவிடுகிறார்கள். வளையும் பிளாஸ்டிக் அட்டையைச் செருகி இந்தக் கொக்கியைத் தள்ளிவிடலாம். பத்து நிமிடம் வெளியே போனாலும் சாவியைத் திருப்பிப் பூட்டுங்கள். வெறுமனே சாத்தியிருந்த கதவுக்குச் சில காப்பீட்டு ஒப்பந்தங்கள் பணம் தராது அல்லது குறைத்துத் தரும். குப்பை கொட்டப் போய்க் கதவு மாட்டிக்கொண்டால், நள்ளிரவில் இணையத்தில் முதலில் வரும் விளம்பர எண்ணைக் கூப்பிடுபவர்தான் பல மடங்கு கட்டணம் கொடுக்கிறார். நல்ல பூட்டுக்காரர் ஒருவரின் எண்ணைப் பகலிலேயே விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள்.

வட அமெரிக்க வீடுகளில் டெட்போல்ட் இருக்கும்; சாவியையோ குமிழையோ திருப்பினால் மட்டும் நகரும் உலோகக் கட்டை கொண்ட பூட்டு அது. அதன் கட்டை ஒரு அங்குலம், அதாவது 25 மில்லிமீட்டர், முழுதாக நிலைக்குள் போகிறதா என்று பாருங்கள். கதவை உதைத்துத் திறக்கும்போது பெரும்பாலும் பூட்டு உடைவதில்லை, நிலைதான் பிளக்கிறது. கட்டை போய் உட்காரும் தகட்டைத் தொழிற்சாலையில் தந்த 20 மில்லிமீட்டர்த் திருகாணிகள் மெல்லிய பலகையில் மட்டுமே பிடித்திருக்கும். அவற்றைக் கழற்றிவிட்டு 3 அங்குலத் திருகாணிகள் போட்டால் பின்னால் இருக்கும் கனமான சட்டம்வரை இறங்கும். 3 மில்லிமீட்டர்த் துளை போட்டுவிட்டு ஒவ்வொன்றாக மாற்றுங்கள்; இல்லாவிட்டால் மரம் வெடிக்கும். கீல்களுக்கும் அப்படியே. வெளிப்பக்கம் திறக்கும் கதவில் கீலின் ஊசி வெளியே தெரியும், அதை உருவிவிட்டால் பூட்டு இருந்தும் பயனில்லை. கீலின் இரு தகடுகளிலும் எதிரெதிராக உள்ள ஒரு ஜோடித் திருகாணிகளைக் கழற்றுங்கள். ஒரு பக்கத் துளையில் தலையில்லாத எஃகுத் தண்டை சுமார் 12 மில்லிமீட்டர் நீட்டியபடி இறுக்கி, எதிர்த்துளையை அது நுழையும் அளவுக்கு ஆழமாக்கிவிடுங்கள். கதவு மூடியிருக்கும்போது தண்டு எதிர்த்துளைக்குள் உட்கார்ந்துகொள்ளும். ஊசி போனாலும் கதவு நகராது.

நகரும் ஜன்னலுக்குத் தண்டவாளத்தில் ஒரு மரக்கட்டையை அளவாக வெட்டிப் போட்டாலே போதும் என்று நினைப்பார்கள். சில ஜன்னல்களைத் தூக்கிக் கழற்றிவிடலாம். மேல்தண்டவாளத்தில் ஜன்னல் நகர்வதற்கு மட்டும் இடம் விட்டு இரண்டு திருகாணிகளை இறக்கினால் தூக்க முடியாது. கம்பி வலை போட்டிருந்தால், ஒவ்வொரு படுக்கையறையிலும் ஒன்றாவது உள்ளிருந்து சாவியின்றித் திறக்கக்கூடியதாக இருக்க வேண்டும். இதில் நாங்கள் விட்டுக்கொடுப்பதே இல்லை. புகை அலாரம் கூரையில், மாடிக்கு ஒன்றாவது. 10 வருடம் ஆனதை மாற்ற வேண்டும், தயாரிப்புத் தேதி பின்புறம் இருக்கும். எரிவாயு ஹீட்டரோ கொதிகலனோ உள்ள வீட்டில் கார்பன் மோனாக்சைடு அலாரமும் தேவை. அந்த வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை.

கேமராவைப் பொருத்துமுன் அது எதைப் பார்க்கும் என்று யோசியுங்கள். வீட்டுக் கேமரா பொதுத் தெருவையும் பதிவு செய்தால், தனிப்பட்ட வீட்டு உபயோகம் என்ற விலக்கு அதற்குக் கிடையாது என்று ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் 2014 டிசம்பரில் தீர்ப்பளித்தது. பொது நடைக்கூடத்தைப் பார்க்கும் கேமராவுக்குப் பக்கத்து வீட்டுக்காரர் புகார் கொடுத்தால் வெளிநாட்டவர்தான் முதலில் திண்டாடுவார். தற்காப்புப் பொருள்களும் அப்படித்தான். மிளகுத் தெளிப்பான் சில நாடுகளில் கடையிலேயே கிடைக்கும். பிரிட்டனில் அது துப்பாக்கிச் சட்டத்தின் கீழ் தடைசெய்யப்பட்ட ஆயுதம். பையில் போட்டுக்கொண்டு எல்லை தாண்டாதீர்கள்.

அவசர எண் விஷயத்தில் மட்டும் பொறுமையாக நேரம் செலவழியுங்கள். ஐரோப்பிய ஒன்றியம் முழுவதும் 112. வேறு பல நாடுகளிலும் கைப்பேசியில் 112 போட்டால் அந்நாட்டு அவசரச் சேவைக்கே போகும். சிம் இல்லாத பேசியிலும் போகும் என்ற நம்பிக்கை எல்லா இடத்திலும் செல்லாது. ஜெர்மனியில் சிம் இல்லாமல் போகாது. எண்ணைவிட முக்கியம், இணைப்பு கிடைத்ததும் என்ன சொல்வது என்பது. பாதியில் இணைப்பு அறுந்தாலும் வண்டி கிளம்ப வேண்டும், அதனால் முகவரிதான் முதல் வாக்கியம். பிறகு என்ன நடந்தது, எத்தனை பேர், எந்த மாடி, கட்டட வாசலின் குறியீட்டு எண். இந்த ஐந்தையும் அந்நாட்டு மொழியில் எழுதி, உச்சரிப்பைத் தமிழ் எழுத்தில் கீழே குறித்து, கதவின் உட்புறம் ஒட்டுங்கள். பக்கத்து வீட்டுக்காரரிடம் படித்துக் காட்டித் திருத்திக்கொள்ளுங்கள். அப்படியே அவருடன் பழக்கமும் ஏற்படும். அது எந்த அலாரத்தையும்விட மேல். வீட்டில் சிறியவர் முதல் பெரியவர்வரை எல்லோரும் வாய்விட்டுச் சொல்லிப் பழக வேண்டும். தாளில் இருக்கும் தெருப்பெயரைப் பதற்றத்தில் படிக்க முடியாது.

கைப்பேசி திருடுபோனால் போவது பேசி மட்டுமல்ல. வங்கியின் ஒருமுறைக் கடவுச்சொல் இன்னும் பழைய நாட்டு எண்ணுக்கு வருகிறதென்றால், அந்தச் சிம் செயலிழந்த நாளில் பணமும் முடங்கும். கிளம்புமுன் முடிந்த கணக்குகளை எல்லாம் அங்கீகாரச் செயலிக்கு (சிம் இல்லாமலே ஒருமுறைக் குறியீடு தரும் செயலி) மாற்றி, மீட்புக் குறியீடுகளைத் தாளில் எழுதி வீட்டில் வையுங்கள். சிம்முக்கு ஒரு ‘பின்’ (PIN) எண் போடுங்கள். மூன்று தடவை தவறினால் பூட்டிக்கொள்ளும், அப்போது பூட்டை நீக்கும் 8 இலக்க ‘பக்’ (PUK) எண் தேவைப்படும், அதையும் 10 தடவை தவறாகப் போட்டால் சிம் செத்துவிடும். ஆகையால் அந்த எண் அச்சிட்டிருக்கும், சிம் வந்த அட்டையை எறியாதீர்கள். *#06# அழுத்தினால் வரும், பேசியின் 15 இலக்க அடையாள எண்ணைக் குறித்து வைத்தால் போலீஸ் புகாருக்கும் பேசியை முடக்கவும் உதவும்.

வெளியே நடமாடும்போது, வழியை மாற்றினாலும் வீட்டு வாசலும் அலுவலக வாசலும் மாறாது. கவனம் அந்த இரண்டு இடங்களில்தான் கூர்மையாக வேண்டும். சாவியைக் கையில் எடுத்துக்கொண்டே வண்டியை விட்டு இறங்குங்கள். சிக்னலில் நிற்கும்போது முன்வண்டியின் பின்சக்கரம் தரையைத் தொடுவது கண்ணுக்குத் தெரியும் தூரம் விட்டால், ஒடித்துத் திருப்பி வெளியேறலாம். பிள்ளையைக் கடத்திவிட்டோம் என்று மிரட்டிப் பணம் பறிக்கும் பொய் அழைப்புகளுக்குக் குடும்பத்துக்குள் மட்டும் தெரிந்த ஒரு சொல்லை முன்பே பேசி வையுங்கள். அந்தச் சொல்லைக் கேட்டுச் சொல்ல முடியாதவரோடு பேச்சை வளர்க்காமல், இன்னொரு பேசியில் பிள்ளையை அழைத்துப் பாருங்கள்.

வந்த வாரத்திலேயே தூதரக இணையதளத்தில் முகவரியோடு பதிவு செய்யுங்கள். கலவரமோ நிலநடுக்கமோ வந்தால் அந்தப் பட்டியலை வைத்துத்தான் ஆள் தேடுவார்கள். கைதானால், 1963ஆம் ஆண்டின் தூதரக உறவுகள் பற்றிய வியன்னா ஒப்பந்தம், பிரிவு 36, உங்கள் உரிமையை வரையறுக்கிறது: நீங்கள் கேட்டால் தாமதமின்றித் தூதரகத்துக்குத் தகவல் தர வேண்டும். கேட்டால்தான், எனவே வாய்விட்டுக் கேளுங்கள். கடவுச்சீட்டு, விசா, வாடகை ஒப்பந்தத்தின் நகல்களை வீட்டில் ஒரு தொகுப்பும், கடவுச்சொல் போட்ட மின்கோப்பாக ஒரு தொகுப்பும் வையுங்கள். கடவுச்சீட்டு தொலைந்தால் முதலில் போலீஸ் புகார், பிறகு தூதரகம், அதற்குப் பிறகு குடியேற்ற அலுவலகத்தில் விசாவைப் புதுச்சீட்டுக்கு மாற்றுவது. கடைசிப் படியைத் தவறவிட்டவர்கள் விமான நிலையத்தில் நிறுத்தப்படுகிறார்கள். முதலாளி கடவுச்சீட்டைக் கேட்டால் நகல் கொடுங்கள், மூலத்தைக் கொடுக்காதீர்கள். சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு கட்டாய உழைப்பின் அறிகுறிகளாகச் சொல்லும் 11இல் அடையாள ஆவணங்களைப் பறித்து வைப்பதும் ஒன்று.

காலி செய்யும் நாளில் பழைய சிலிண்டரைப் பொருத்திவிட்டு உங்களுடையதை எடுத்துக்கொள்ளுங்கள். அடுத்த வீட்டிலும் அளவு ஒத்துவரக்கூடும். கேமரா, ரவுட்டர், மின்னணுப் பூட்டு எதையாவது விட்டுவிட்டுப் போவதென்றால் தொழிற்சாலை நிலைக்கு மீட்டமைத்து, உங்கள் கணக்கிலிருந்தும் நீக்குங்கள். தூதரகப் பதிவில் முகவரியை அன்றே மாற்றுங்கள்.