வட்டவளையில் பெய்தது எவ்வளவு?

தென்மேல் பருவமழை இறங்கிவிட்டால் காலையில் எனக்கு இரண்டு வேலை. கணினியில் செய்மதி தரும் மழைப்படத்தைப் பார்க்கவேண்டும். அப்புறம் இலங்கை மலையகத்துத் தேயிலைத் தோட்டங்களுக்குப் போன் போட்டு எட்டரை மணி மழைமானிக் கணக்கைக் கேட்கவேண்டும். இரண்டும் ஒத்துப்போகிற நாள் குறைவு.

2014 பெப்ரவரியில் நாசாவும் ஜப்பானும் சேர்ந்து மழையை அளக்க ஏவிய ஜி.பி.எம். செய்மதி, 400 கிலோமீற்றருக்குச் சற்று மேலான உயரத்தில் சுற்றுகிறது. ராடார் ஒன்றும் நுண்ணலை அளக்கும் கருவி ஒன்றும் அதில் உண்டு. எந்நேரமும் அது நம் தலைக்கு மேலே நிற்காது. அதனால் வேறு செய்மதிகள் பார்த்ததையும் இதன் அளவுக்கு ஒப்பிட்டுச் சரிசெய்து, அரை மணிக்கு ஒரு படமாகக் கோர்த்துத் தருகிறார்கள். முதல் படம் கைக்கு வர நாலு மணித்தியாலம் போல ஆகும்.

படத்தில் ஒரு கட்டம் சுமார் 11 கிலோமீற்றர். சமவெளிக்கு அது போதும். இங்கே ஒரு கட்டத்துக்குள் ஒரு மலையின் இரண்டு பக்கமும் அடங்கிவிடும். வட்டவளையில் வருடத்துக்கு 5,000 மில்லிமீற்றருக்கு மேல் பெய்கிறது. கிழக்கே நுவரெலியாவில் அதில் பாதிகூட இல்லை.

இதைவிடப் பெரிய சிக்கல் மழையின் குணத்தில் இருக்கிறது. கடலையல்லாமல் நிலப்பகுதியைப் பார்க்கும்போது நுண்ணலைக் கருவி பெரும்பாலும் மேகத்து உச்சியிலுள்ள பனித்துகளை வைத்தே மழையைக் கணிக்கும். ஐப்பசியில் பின்னேரம் இடியோடு கொட்டுகிற மழைக்கு அது சரி. ஆடி மழை வேறு சாதி. கடற்காற்று மலையில் முட்டி ஏறி, பதிந்த மேகத்திலிருந்தே நாள் முழுக்கப் பெய்யும். பனித்துகள் அதில் அவ்வளவாக இருக்காது. ராடாரும் கைகொடுக்காது, மலையில் பட்டுத் திரும்பும் எதிரொலி தரையை ஒட்டிய மழையை மறைத்துவிடும். படத்தில் லேசான மழைக்குரிய இளநீலம்தான் தெரியும், மலையில் அக்காமார் தலையில் போர்த்திய கொங்காணிக்குள் நனைந்துகொண்டு கொழுந்து எடுப்பார்கள்.

அப்படியொரு நாள் வட்டவளையில் மழைமானி பார்க்கும் ஐயாவிடம் போனில் கேட்டேன்.

"நேற்று எத்தனை ஐயா?"

"நூற்றிப் பன்னிரண்டு தம்பி. புனலில் இலை அடைத்துக்கிடந்தது. தேங்கினதையும் இறக்கிவிட்டுத்தான் அளந்தேன்."

அன்று செய்மதிக் கட்டத்தில் அதில் பாதிகூட இல்லை. 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் தாண்டினாலே மண்சரிவு விழிப்பு தொடங்குகிற ஊர் இது. மேட்டு லயத்து (தொழிலாளர் வரிசை வீடுகள்) ஆட்களை இறக்குவதா வேண்டாமா என்பதற்கு நான் ஐயாவின் கணக்கைத்தான் நம்புவேன்.

அதற்காகச் செய்மதியைக் குறை சொல்லிப் பயனில்லை. வங்காள விரிகுடாவில் யார் மழைமானி வைப்பது? கார்த்திகையில் தாழமுக்கம் கிட்டும்போது எந்தப் பக்கம் மழை கனத்திருக்கிறது என்பதை அதுதான் காட்டுகிறது. மலை ஊற்றிலிருந்து வரும் பீலித்தண்ணீர் வற்றுவதைச் செய்மதி சொல்லுமா என்றும் சிலர் கேட்பார்கள். நிலத்தடி நீரின் ஏற்ற இறக்கத்தைப் புவியீர்ப்பு மாற்றத்தால் அறியும் கிரேஸ் இரட்டைச் செய்மதிகள் 2002இல் போய் 2017 வரை சுற்றின, அவற்றின் வாரிசுகள் 2018இலிருந்து சுற்றுகின்றன. ஆனால் அவற்றின் பார்வை நூற்றுக்கணக்கான கிலோமீற்றர் அகலம், மலையகம் முழுவதும் அதற்கு ஒரு புள்ளி.

ஒரு தோட்டத்தில் மழை அளப்பதையே நிறுத்திவிட்டார்கள். "அதுதான் செய்மதி இருக்கே" என்றார் புதிதாக வந்த துரை, அதாவது தோட்ட முகாமையாளர். எனக்குக் கோபம் வந்தது. மூன்றரை மாதம் கழித்து வரும் இறுதிப் படத்தைத் தரை மழைமானிக் கணக்கோடு ஒப்பிட்டுத்தான் திருத்துகிறார்கள் என்று சொல்லிப்பார்த்தேன். அங்குலக் கணக்கில் எழுதிய பழைய பேரேடுகள் இன்னும் அந்தத் தோட்டத்து அலுமாரியில் கிடக்கின்றன. இப்போது அந்த இடத்துக்கும் பக்கத்துத் தோட்டத்துக் கணக்கையே எடுக்கிறேன், நடுவில் ஒரு மலை இருக்கிறது என்று தெரிந்தும்.