அலங்காநல்லூர்ப் பக்கம் ஒரு சனி ஞாயிறு, இரண்டு வாண்டுகள், ஏகப்பட்ட பறைச் சத்தம்

ஆறு வயசுக்காரியையும் நாலு வயசுக்காரனையும் கூட்டிக்கொண்டு பறைப் பயிற்சிப் பட்டறைக்குப் போகிறோம் என்றதும் எல்லாரும் கேட்டது ஒரே கேள்விதான்: "இந்த வயசுல என்ன கத்துக்கப் போகுதுங்க?" ஒன்றும் கற்றுக்கொள்ள வேண்டாம் என்பதுதான் என் கட்சி. ஞாயிறு சாயங்காலம் பிள்ளை மேடையேறி அடித்துக் காட்ட வேண்டும் என்கிற கணக்கோடு போனால் நமக்கு ரத்தக் கொதிப்புதான் மிச்சமாகும்.

சின்னப் பிள்ளைகளோடு போகிறவர்கள் ராத்திரி ரயிலையே பிடியுங்கள். எழும்பூரில் பாண்டியன் எக்ஸ்பிரஸில் ஏறிப் படுக்க வைத்துவிட்டால் விடியும்போது மதுரை. ஸ்டேஷன் பக்கத்தில் இட்லி, அப்புறம் பெரியார் பஸ் ஸ்டாண்டில் அலங்காநல்லூர் பஸ். நகரத்தைத் தாண்டியதும் வயல்களும் தூரத்தில் அழகர்மலையும் தெரிய ஆரம்பிக்கும், என் மகன் அந்த வழி முழுக்க "ஜல்லிக்கட்டு மாடு எங்க?" என்று கேட்டுக்கொண்டே வந்தான். இறங்கிய இடம் ஒரு தென்னந்தோப்பு. போவதற்கு முன்னால் போன் போட்டுக் கழிப்பறை இருக்கிறதா என்று மட்டும் கேட்டுவிடுங்கள், மற்றதெல்லாம் சமாளிக்கலாம்.

வந்திருந்தவர்களில் பாதிப் பேர் கல்லூரிப் பிள்ளைகள், மீதி ஐ.டி. ஆட்கள். மதுரைக்காரரான பறைக் கலைஞர் வேலு ஆசானுக்கு 2025இல் பத்மஸ்ரீ கிடைத்தபின் இந்தப் பக்கம் வருகிற கூட்டம் கூடியிருக்கிறது என்று பக்கத்தில் நின்ற தம்பி சொன்னார். அறிவிப்பில் ‘குழந்தைகளும் வரலாம்’ என்று போட்டிருந்தார்கள், ஆனால் முதல் வகுப்பே இரண்டு மணி நேரம் நின்றபடி. பெரியவர்களுக்கே கால் கடுத்தது, என்னுடையவை இரண்டும் அரை மணியில் கழன்றுகொண்டு தோப்பு ஓரத்தில் கட்டியிருந்த ஆடுகளிடம் போய்விட்டன. குழந்தைகளை அழைக்கிறவர்கள் இருபது நிமிட வகுப்பு, பத்து நிமிட ஓட்டம் என்று பிரித்து வைத்தால் என்ன குறைந்துவிடும்?

ஆடுகளிடமிருந்து அவர்களைத் திரும்ப இழுத்து வந்தது நெருப்பு. காய்ந்த தென்னை மட்டையைப் போட்டு மூட்டி, எங்கள் பட்டறையில் சொல்லிக்கொடுத்த ஆசான் பறைகளை ஒவ்வொன்றாக அனலில் காட்டித் திருப்பிக்கொண்டே இருந்தார். காலைப் பனியில் தோல் ஈரம் இழுத்துத் தொய்ந்து ‘தொப் தொப்’ என்று கிடந்தது, சூடேறி விறைத்ததும் அதே இடத்தில் தட்டினால் ‘டங்’. காய்ச்சுவதற்கு முன்னாலும் பின்னாலும் இரண்டு பேரையும் தட்டச் சொன்னார். சட்டம் மூன்று வேப்பங்கட்டைகளைச் சேர்த்துச் செய்வது, உள்பக்கம் இரும்புப் பட்டை, மேலே மாட்டுத்தோலைப் புளியங்கொட்டைப் பசையால் ஒட்டுவது என்று ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டினார். மகன் அந்தப் பசையை மோந்து பார்த்தே தீருவேன் என்று நின்றான்.

வலக்கையில் குட்டையான அடிக்குச்சி, இடக்கையில் நீளமான மெல்லிய சுண்டுக்குச்சி, அந்த இடக்கையே பறையையும் தாங்க வேண்டும். ஆறு வயசுக் கைக்கு இது ரொம்பவே அதிகம். அதனால் ஆசான் பறையைக் கழற்றி வைத்துவிட்டு வாயிலிருந்து ஆரம்பித்தார். தகிட, தகதிமி என்றெல்லாம் சொல்லிப் பார்த்தார், ஒன்றும் ஏறவில்லை. உடனே மதுரைக்காரர் மூளை வேலை செய்தது. மூன்றுக்கு ‘பரோட்டா’, நாலுக்கு ‘ஜிகர்தண்டா’. இரண்டையும் ஒட்டிச் சொல்லிக் கை தட்டினால் ஏழு. கர்நாடக சங்கீத வகுப்பில் மிஸ்ர நடை என்று பயமுறுத்துவார்களே, அதே ஏழு! பிள்ளைகள் தோப்பைச் சுற்றி ‘பரோட்டா ஜிகர்தண்டா’ என்று குதித்துக்கொண்டே போனார்கள், அவர்கள் பின்னால் நாங்களும், ஐ.டி. தம்பிகளும். கால் முதலில் பிடித்துக்கொள்கிறது, கை மெதுவாக வருகிறது. எங்களுக்கோ எதுவும் வரவில்லை.

மதியம் சாப்பிடும்போது அம்மா போன் பண்ணினார்கள். "எழவு வீட்டு மேளத்தையா பிள்ளைங்களுக்குக் கத்துக்கொடுக்கற?" நான் ஸ்பீக்கரில் வைத்திருந்தேன், ஆசானுக்கும் கேட்டுவிட்டது. அவர் முகம் சுளிக்கவில்லை, பழகிப்போயிருக்கும்போல. முன்னெல்லாம் சாவுக்கு அடித்தே ஆக வேண்டும் என்று ஒரு சாதியின் தலையில் கட்டியதையும், அந்த இழிவே வேண்டாம் என்று பல ஊர்களில் பறையைக் கீழே வைத்ததையும், இப்போது அதைக் கற்றுக்கொள்ளப் பணம் கட்டி ஆள் வருவதையும் சோற்றைப் பிசைந்தபடியே சொன்னார். குறிஞ்சிக்குத் தொண்டகம், நெய்தலுக்கு மீன்கோட்பறை என்று ஒவ்வொரு திணைக்கும் ஒரு பறை இருந்ததையும் சொன்னார். மகள் இதையெல்லாம் கேட்டுவிட்டு, "அடிச்சா செத்தவங்களுக்குக் கேக்குமா ஆசான்?" என்றாள். "தெரியலையே பாப்பா, இதுவரைக்கும் யாரும் எந்திரிச்சு வந்து சொல்லல." அம்மாவும் போனில் சிரித்துவிட்டார்கள், ஆனால் சம்மதிக்கவில்லை.

காது விஷயம். முப்பது பறை ஒன்றாக அடித்தால் நெஞ்சே அதிரும், சின்னக் காதுகள் என்ன ஆகும்? ஹெட்போன் மாதிரி தலையில் மாட்டுகிற காதுக்கவசம் வாங்கிப் போயிருந்தோம். மகன் மாட்டிக்கொண்டான், மகள் சுத்தமாக மறுத்தாள், அதனால் கூட்டமாக அடிக்கும்போதெல்லாம் அவளைத் தோப்பின் அந்தக் கோடியில் நிறுத்தி வைத்தோம். இதில் மட்டும் பிடிவாதத்துக்கு இடம் கொடுக்காதீர்கள்.

நாலு வயதுக்கு இது வேடிக்கை, அவ்வளவுதான். ஆறு ஏழு வயதென்றால் ஏதோ பிடித்துக்கொள்கிறார்கள். கிளம்பும்போது மகள் பறை வேண்டும் என்று நின்றாள். தோல் பறையை வாங்கினால் சென்னை மழைக்கு வாரம் ஒருமுறை காய்ச்ச வேண்டும், அபார்ட்மெண்ட் பால்கனியில் தீ மூட்டினால் செக்ரெட்டரி எங்களையே காய்ச்சிவிடுவார். ஃபைபர் பறை என்றால் அந்தத் தொல்லை இல்லை. ஆசானுக்கு அதன் நாதம் பிடிக்காது, என்றாலும் "பிள்ளைக்குத் தூக்க லேசா இருக்கும், வாங்கிக் குடுங்க" என்றார். வாங்கிவிட்டோம். மொட்டை மாடியில் சனி, ஞாயிறு மட்டும், ஏழு மணிக்குள் முடித்துக்கொள்ள வேண்டும் என்று அனுமதியும் வாங்கியாயிற்று.