ட்ரோனில் பறந்த ரத்தமும் எகிறிய பொட்டாசியமும்

மலைமேல் ஒரு ஆரம்ப சுகாதார நிலையத்தில் லேப் டெக்னீஷியனாக இருந்தபோது நடந்தது. கீழே இருக்கும் பெரிய லேபுக்கு ரத்தக் குழாய்களை மதியப் பஸ்ஸில் கண்டக்டரிடம்தான் கொடுத்தனுப்புவோம், கொண்டை ஊசி வளைவுகளெல்லாம் இறங்கிப் போய்ச் சேர இரண்டரை மணி நேரம். அதையே ட்ரோனில் அனுப்பிப் பார்க்கலாம் என்று சோதனைக்கு ஆட்கள் வந்தார்கள். ட்ரோன் பறக்கலாம் என்று அரசு வரைபடத்தில் குறித்திருக்கும் பச்சை மண்டலத்தில் 400 அடி வரை முன் அனுமதி வேண்டாம், ஆனால் கண்ணுக்கு மறைகிற தூரம் பறப்பது வேறு கதை. அது அவர்கள் பாடு, பெட்டி கட்டுவது என் பாடு.

ஒரே ஆளிடம் இரண்டு குழாய் எடுத்து ஒன்றைப் பஸ்ஸிலும் ஒன்றை ட்ரோனிலும் அனுப்பி ஒப்பிட வேண்டும். பஞ்சு சுற்றி, ஜிப் கவரில் போட்டு, கெட்டியான டப்பாவில் ஐஸ் பேக்கோடு அடுக்கினேன். முதல் நாளே மூடுபனி. பஸ் போய்விட்டது, ட்ரோன் கிளம்பவில்லை. காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று பெட்டியை அப்படியே மூடி வைத்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டேன்.

மறுநாள் ட்ரோன் 20 நிமிடத்தில் கீழே இறங்கிவிட்டது. மதியம் கீழேயிருந்து போன்: "பஸ்ஸில் வந்ததில் பொட்டாசியம் 4.3, ட்ரோனில் வந்ததில் 6.4. ஆள் நல்லா இருக்காரா?" ஆள் வெளியே டீ குடித்துக்கொண்டிருந்தார்.

ட்ரோன் குலுக்கியதில் செல் உடைந்திருக்கும் என்று எல்லோரும் சொன்னார்கள். செல் உடைந்தால் சீரம், அதாவது ரத்தம் உறைந்தபின் பிரிகிற நீர், சிவந்துவிடும். சிவந்திருக்கிறதா என்று கேட்டேன், இல்லை, தெளிந்த மஞ்சள். அப்போதுதான் உறைத்தது. சிவப்பணு பொட்டாசியத்தை உள்ளே பிடித்து வைக்க ஒரு பம்ப் ஓடுகிறது, குளிரில் அது படுத்துவிடும், மெஷினில் சுற்றிச் சீரத்தைப் பிரிக்காத ரத்தத்தை ராத்திரி முழுக்க ஐஸில் வைத்தால் பொட்டாசியம் கசிந்து சீரத்துக்கு வந்துவிடும். தப்பு என்னுடையது, ட்ரோன் பாவம். அப்புறம் படித்தால், அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகக் குழு 2017இல் வெளியிட்ட ஆய்வில், ரத்தக் குழாய்களை அரிசோனா பாலைவனத்தில் 258 கிலோமீட்டர் பறக்கவிட்டபோதும் சர்க்கரையிலும் பொட்டாசியத்திலும்தான் வித்தியாசம் வந்திருக்கிறது, காரணம் வெப்பநிலை.

அதற்கப்புறம், சுற்றியதும் செல்லுக்கும் சீரத்துக்கும் நடுவே ஜெல் தடுப்பாக நிற்கும் ஜெல் குழாயில் ரத்தம் எடுத்து, நிமிர்த்தி அரை மணி உறையவிட்டு, சுற்றும் மெஷினான சென்ட்ரிஃப்யூஜில் 10 நிமிடம் சுற்றி, பிறகுதான் பெட்டி. கீழே மறுபடி சுற்றாதீர்கள் என்று மேலே ஒரு சீட்டும் ஒட்டினேன், சுற்றினால் பொட்டாசியம் திரும்ப ஏறும். கரண்ட் போனால் அன்றைக்குச் சீரம் கிடையாது, சுற்றத் தேவையில்லாத, ரத்த அணுக்களை எண்ணுவதற்கான ஊதா மூடிக் குழாய் மட்டும் பறக்கும். பனி இறங்குகிற மாதிரி தெரிந்தால் யோசிக்காமல் பஸ்தான்.