மறுமணம் ஆனதும் நின்றுபோன ஜீவனாம்சம்

எனக்கு மறுமணம் ஆன அடுத்த மாதமே, முன்னாள் கணவரிடமிருந்து மகளுக்கு வந்துகொண்டிருந்த பணம் நின்றுவிட்டது. கேட்டதற்கு, "அதுதான் வீட்டில் இன்னொருவர் இருக்கிறாரே" என்று ஒரு வரிப் பதில். ரோஷத்தில் நானும் பேசாமல் இருந்துவிட்டேன், 14 மாதம். அந்த அசட்டுத்தனத்தின் விலை வக்கீலைப் பார்த்த அன்றுதான் தெரிந்தது. நிலுவையை வசூலிக்க, தொகை தரவேண்டிய நாளிலிருந்து ஓராண்டுக்குள் மனு போட வேண்டுமாம். முதல் இரண்டு மாதப் பணம் போனது போனதுதான்.

பழைய உத்தரவைக் கேட்டு வாங்கிப் படித்த வக்கீல், ஒரு வரியின் கீழே பென்சிலால் கோடு போட்டார். 'மனுதாரர்கள் இருவருக்கும் சேர்த்து மாதந்தோறும்' என்று ஒரே தொகை. எனக்கு எவ்வளவு, குழந்தைக்கு எவ்வளவு என்று பிரிக்கவே இல்லை. விவாகரத்தான பெண் மறுமணம் செய்துகொண்டால், அவளுக்கான ஜீவனாம்ச உத்தரவு மறுமண நாளிலிருந்தே ரத்தாகும். முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 127-ஆம் பிரிவு. 2024 ஜூலை 1 முதல், அந்தச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 146. குழந்தையின் பங்கை இது தொடாது. ஆனால் எங்கள் உத்தரவில் குழந்தையின் பங்கு எது? இந்தக் கேள்விக்கே நான்கு வாய்தா ஓடிப்போயின. இப்போது வழக்கு நடத்திக்கொண்டிருப்பவர்கள், தொகையைப் பிரித்து எழுதும்படி தயவுசெய்து கேட்டு வாங்குங்கள்.

பணம் தராதவருக்குக் குழந்தையைக் காட்டுவதா என்று இரண்டு சனிக்கிழமை மகளை அனுப்பாமல் இருந்ததையும் சொன்னேன். வக்கீல் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "பணம் வேறு, பார்க்கும் உரிமை வேறு. நீங்களே அவர் கையில் ஆயுதம் கொடுத்திருக்கிறீர்கள்." அடுத்த சனிக்கிழமையே அனுப்பிவைத்தேன்.

2020-இல் ரஜ்னேஷ் எதிர் நேஹா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னபடி, சொத்து, கடன், வருமானம் எல்லாவற்றையும் இருவரும் பிரமாணப் பத்திரமாகத் தாக்கல் செய்தோம். என் சம்பளமும் கணக்கில் வந்தது, வரத்தான் வேண்டும். என் இப்போதைய கணவரின் சம்பளத்தையும் சேர்க்கச் சொல்லி எதிர்த்தரப்பு அடம்பிடித்தது. பெற்ற இருவரின் வருமானம் போதும் என்று நீதிபதி முடித்துவிட்டார்.

என்னைத் தூங்கவிடாமல் செய்தது முன்னாள் கணவர் பதிலுக்குப் போட்ட மனுதான். நான் மறுமணம் செய்துகொண்டதால் குழந்தையைத் தன்னிடம் ஒப்படைக்க வேண்டுமாம். 1890-ஆம் ஆண்டின் பாதுகாவலர் சட்டம் குழந்தையின் நலனைத்தான் பார்க்கிறது, மறுமணம் மட்டுமே காரணமாகாது என்று வக்கீல் எத்தனை முறை சொன்னாலும் மனம் கேட்கவில்லை. ஒன்பது வயது மகளை நீதிபதி தன் அறைக்குத் தனியாக அழைத்தார். கால் மணி நேரம் அந்தக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தேன். வெளியே வந்தவள், "என் டைரியில் யார் கையெழுத்துப் போடுவார்கள் என்று கேட்டார். அம்மா, அப்பா, சில நாள் நானே என்று சொல்லிவிட்டேன்" என்றாள். எந்த அப்பா என்று கேட்க நாக்கு வரை வந்தது. கேட்கவில்லை.

மகள் என்னிடமே இருக்கிறாள். அவள் பங்கு தனியாக நிர்ணயமானது, நிலுவை தவணையில் வருகிறது, சனிக்கிழமைச் சந்திப்பும் தொடர்கிறது. இப்போது பணம் அவள் பெயரிலுள்ள கணக்குக்கே வருகிறது. போன மாதம் ஆறு நாள் தாமதம். தேதியோடு குறித்துவைத்திருக்கிறேன்.