கடவுச்சொல்லை மாற்றிய பிறகும் மூடாமல் கிடந்த கதவு

சென்ற ஐப்பசியில் ஒரு நாள் காலை, பால் காய்ச்சிக்கொண்டிருந்தபோது, என் ஜிமெயில் கணக்கில் புதிய கருவி ஒன்றிலிருந்து யாரோ நுழைந்திருப்பதாகக் கைப்பேசியில் அறிவிப்பு வந்தது. அடுப்பை அணைத்துவிட்டு, நின்ற இடத்திலேயே கடவுச்சொல்லை மாற்றினேன். தொல்லை அதோடு விட்டது என்று எண்ணி அலுவலகம் கிளம்பிவிட்டேன். அது எவ்வளவு அரைகுறையான வேலை என்பது ஒன்பது நாள் கழித்துத்தான் தெரிந்தது.

கடன் அட்டைக் கணக்கு விவரத்தை மின்னஞ்சலில் அனுப்பிவிட்டதாக வங்கியிலிருந்து குறுஞ்செய்தி வந்திருந்தது. மின்னஞ்சலில் அது இல்லை. வேண்டாத கடிதங்கள் போய்ச் சேரும் எரிதப் (ஸ்பேம்) பெட்டியிலும் இல்லை. தேடிச் சலித்துக் கடைசியில் குப்பைத் தொட்டியைத் திறந்தபோது, வங்கியிலிருந்து வந்த ஏழு கடிதங்கள் படிக்கப்படாமல் அங்கே கிடந்தன. நான் அவற்றை அழிக்கவில்லை. அமைப்புகளுக்குள் போய்ப் பார்த்தேன். நான் உருவாக்காத வடிகட்டி ஒன்று அங்கே உட்கார்ந்திருந்தது. வங்கியின் பெயரோ ‘ஓடிபி’ என்ற சொல்லோ உள்ள எந்தக் கடிதம் வந்தாலும் அதை முன்பின் தெரியாத ஒரு முகவரிக்கு அனுப்பிவிட்டு, என் பெட்டியிலிருந்து குப்பைக்குத் தள்ளிவிட வேண்டும் என்பது அதற்கு இடப்பட்டிருந்த கட்டளை. கடவுச்சொல்லை மாற்றினால் வடிகட்டி போய்விடாது. பூட்டை மாற்றிய நான், கொல்லைப்புறக் கதவை ஒரு முறை தள்ளிக்கூடப் பார்க்கவில்லை.

வடிகட்டியையும் முன்னனுப்பும் முகவரியையும் நீக்கினேன். பிறகு, மீட்பு மின்னஞ்சல், மீட்பு எண், நுழைந்திருக்கும் கருவிகள், என் கணக்கோடு இணைந்துள்ள பிற செயலிகள் என ஒவ்வொன்றாகப் பார்த்துக் களையெடுத்தேன். பணம் எதுவும் போகவில்லை. போயிருந்தால் உடனே இணைய மோசடிப் புகாருக்கான 1930 என்ற எண்ணை அழைத்திருப்பேன். தேசிய இணையக் குற்றத் தளத்தில் புகார் மட்டும் பதிவு செய்தேன்.

திருடன் எப்படி நுழைந்தான் என்பதற்கு, ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த ட்ராய் ஹன்ட் 2013-இல் தொடங்கிய, நம் விவரங்கள் எங்காவது கசிந்திருக்கின்றனவா என்று சொல்லும் ‘ஹேவ் ஐ பீன் போன்ட்’ தளத்தில் தடயம் கிடைத்தது. எப்போதோ ஒரே ஒரு முறை சேலை வாங்கிய இணையக் கடையின் தரவு கசிந்திருந்தது. அங்கே கொடுத்த அதே கடவுச்சொல்லைத்தான் மின்னஞ்சலுக்கும் வைத்திருந்தேன். கசிந்த பட்டியலை எடுத்து மற்றத் தளங்களில் வரிசையாகப் போட்டுப் பார்ப்பது இந்தத் திருட்டின் பழைய வழக்கம். கடவுச்சொல்லையே ஹன்டின் தளத்தில் தட்டச்சிட்டுச் சோதிப்பது பாதுகாப்பானதா என்று எனக்கும் தயக்கம் இருந்தது. ஆனால் நம் உலாவி அதை 40 எழுத்துகள் கொண்ட ஒரு சரமாக மாற்றி, முதல் 5 எழுத்துகளை மட்டுமே அனுப்புகிறது. அவற்றோடு தொடங்கும் சரங்களின் பட்டியல் திரும்பி வர, ஒப்பிடும் வேலை நம் கணினியிலேயே நடக்கிறது. இதைத் தெரிந்துகொண்ட பிறகே துணிந்தேன். என் கடவுச்சொல் அந்தப் பட்டியலில் இருந்தது.

அதன்பின் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் இதற்கே போயின. கடவுச்சொற்களைப் பூட்டி வைத்துக்கொள்ளும் ‘கடவுச்சொல் மேலாளர்’ செயலி ஒன்றில் கணக்குகளை ஏற்றி, ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் கடவுச்சொல் வைத்தேன். கடவுச்சொல்லுக்குப் பிறகு இன்னொரு எண்ணையும் கேட்கும் இருகட்டச் சரிபார்ப்பைச் சோம்பலால் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்திருந்தேன்; அதை, குறுஞ்செய்தி வழியாக அல்லாமல், 30 நொடிக்கு ஒரு முறை எண் மாறும் செயலி வழியாக அமைத்தேன். திருடன் ஏமாற்றி என் எண்ணுக்கு வேறு சிம் அட்டை வாங்கிவிட்டால் குறுஞ்செய்தி அவன் கைக்குத்தானே போகும். கைப்பேசி தொலைந்தால் உதவுவதற்காகக் கூகுள் தரும் 8 இலக்க மாற்றுக் குறியீடுகள் பத்தையும் அச்சிட்டு, பீரோவில் வீட்டுப் பத்திரத்தோடு வைத்தேன். “இது என்ன, லாட்டரிச் சீட்டா?” என்று கேட்டாள் மனைவி.

என்னை உண்மையில் கலங்கடித்தது, அனுப்பிய கடிதங்களின் பெட்டிதான். வாடகை ஒப்பந்தத்துக்கும் வங்கிக் கடனுக்குமாகப் பல ஆண்டுகளாக அனுப்பிய ஆதார், பான் நகல்கள் அங்கே குவிந்து கிடந்தன. அவன் அவற்றை எடுத்தானா என்பதை அறிய வழியில்லை. எல்லாவற்றையும் அழித்தேன், ஆதாரின் கைரேகைச் சரிபார்ப்பைப் பூட்டினேன். இப்போதெல்லாம் நகல் கேட்டால், கடைசி 4 இலக்கங்கள் மட்டும் தெரியும் மறைக்கப்பட்ட ஆதாரையே கொடுக்கிறேன்.

ஒரு வேலை மட்டும் பாக்கி. நான் கைவிட்ட பழைய கைப்பேசி எண்ணோடு ஒரு சேமிப்புக் கணக்கு இன்னும் இணைந்திருக்கிறது; அந்த எண் இந்நேரம் வேறு யாருக்காவது வழங்கப்பட்டிருக்கலாம். அதை மாற்ற நேரில்தான் வர வேண்டும் என்று கிளையில் சொல்லிவிட்டார்கள். திங்கட்கிழமை அரை நாள் விடுப்பு எழுதிக் கொடுத்திருக்கிறேன்.